அம்மா கொண்டுவந்த தண்ணீர்

என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே கொண்டுவந்தாள். சேலையூரிலிருந்து மேடவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் வருவாள். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் எவர்சில்வர் பாட்டில். சோபாவின் ஓரத்தில் உட்காருவாள். என் பெண்ணின் படிப்பு, என் வீட்டுக்காரரின் சர்க்கரை, வேலைக்காரி ஒழுங்காக வருகிறாளா என்று எல்லாவற்றையும் விசாரிப்பாள். பையை மட்டும் மடியைவிட்டு இறக்கமாட்டாள். தாகம் எடுத்தால் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொள்வாள்.

எங்கள் அடுக்குமாடிக்கு லாரித் தண்ணீர்தான். அதனால் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, உங்கள் அம்மா விவரமானவர், லாரித் தண்ணீரை நம்புவதில்லை என்று பாராட்டினார். நானும் சிரித்துத் தலையாட்டி வைத்தேன். அம்மா நம்பாதது லாரியை அல்ல, என் கையை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நாங்கள் ஒரு சபையைச் சேர்ந்த குடும்பம். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடியில் தகரக் கூரை போட்ட கூடம். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை, ஞாயிற்றுக்கிழமை பஜனையும் சாப்பாடும். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, சினிமா இல்லை, வெளியில் சாப்பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் என் டிபன் டப்பாவில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதில் ருசி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அம்மா சமைத்தால் கதையே வேறு. சபைச் சமையல் அவள் பொறுப்பு. வெறும் பெருங்காயத்தையும் மிளகையும் வைத்துக்கொண்டு அவள் வைக்கும் சாம்பாருக்காகவே பஜனைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். பக்தி என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், பசி என்று அம்மா சிரிப்பாள்.

சபையில் சேருகிறவர்களுக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். சபையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்த வயதில் கட்டுவார்கள். நனைந்து, அழுக்கேறி, இற்றுப் போகும்போது புதுக் கயிறு மாற்றுவார்கள். யாராவது சபையை விட்டுப் போனால் அவர்களைக் கயிறு அறுத்தவர் என்பார்கள். அவர்களோடு பேசலாம், வீட்டுக்குப் போகலாம், உடம்பு சரியில்லை என்றால் பார்க்கலாம். அவர்கள் கையால் மட்டும் எதையும் வாங்கி உண்ணக்கூடாது, தண்ணீர்கூட. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கயிறே கட்டாத வெளியாள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், தப்பில்லை. அவர்கள் அறியாதவர்கள். அறிந்த பிறகு விட்டுப் போனவர்கள் கைதான் ஆகாது. வழியில் போகிறவன் கொடுக்கலாம், வயிற்றில் பிறந்தவள் கொடுக்கக்கூடாது. இந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

நான் கயிறு அறுத்தது ஒரு தட்டு இட்லியால்.

சபையில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என் கூடவே இருந்து குழந்தையின் துணியை அலசிப் போட்டவள். அவளுடைய புருஷன் அடிப்பவன். பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுப் பாடுவான், வீட்டுக்குப் போய் அவள் கையை முறுக்குவான். சபைத் தலைவர் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பொறுமையைப் பற்றிப் பேசி அனுப்பினார். பொறுமை முழுவதும் அவள் பங்குக்கே வந்தது. ஒருநாள் அவள் பொறுக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரும்புலியூரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டாள். கயிறு அறுத்தவள் என்று அவளைத்தான் அறிவித்தார்கள். அவன் முன்வரிசையிலேயே இருந்தான்.

நான் அவளைப் பார்க்கப் போனேன். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அவள் இட்லி அவித்துத் தட்டில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், தட்டை எடுத்துவிடக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வீக்கம் இன்னும் வடியவில்லை. நான் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டேன். காரச் சட்னி, வெங்காயம் போட்டது. நன்றாகத்தான் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யார் பார்த்தார்களோ, யார் சொன்னார்களோ, அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்தார்கள். கோபமெல்லாம் இல்லை, அன்பாகத்தான் கேட்டார்கள். செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரு என்றார் தலைவர். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. அம்மா சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டது இட்லிங்க. அதுல என்ன தப்புன்னு எனக்குத் தெரியல" என்று வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காய் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தன் கையையும் நீட்டினார். அவருக்கு ரொம்ப நாளாகவே சபை அலுத்துப் போயிருந்ததாம், எனக்குப் பயந்து சொல்லவில்லையாம். அன்று மாலையே மேடவாக்கம் ஜங்ஷனில் வெங்காயப் பக்கோடா வாங்கி வந்து, மூடாமல் மணக்க மணக்க மேசைமேல் வைத்தார். என் பெண் சத்தம் போட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். விடுதலை என்றால் இவ்வளவு லேசானதா என்று நினைத்தேன். அடுத்த வாரம் அம்மா பாட்டிலோடு வந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சொந்தமாக ஒரு ஒழுக்கமும் கிடையாது என்பது தெரிந்தது. எது சரி, எது தப்பு என்று அதுவரை யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இப்போது என் பெண், பொய் ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டால், பாவம் என்று சொல்ல வாய் எழுந்து, பாதியில் நின்றுவிடும். பாவம் என்று எனக்குச் சொன்னவர்கள்தான் அந்தத் தோழியையும் பாவி என்றார்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்திருந்தார்கள், ஒன்றைக் கொட்டினால் மற்றதும் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று என் பெண்ணிடம் தவணை வாங்குவேன். அவள் விடமாட்டாள், மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

கடைசியில் சாப்பாட்டுத் தட்டில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நான் பிறந்த வீட்டில் தட்டில் விழுந்தது பிரசாதம், ஒரு பருக்கை மீதி வைக்கக்கூடாது. வயிறு முட்டி வாந்தி வருகிறமாதிரி இருந்தாலும் அப்பா எழுந்திருக்க விடமாட்டார். என் பெண் ஒருநாள் போதும் என்றாள். நான் பழைய வழக்கத்தில் இன்னொரு உருண்டையை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் நீரோடு என்னைப் பார்த்தாள். உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சொன்னேன், இனிமேல் இந்த வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யார் சொன்னாலும், யாரிடம் சொன்னாலும். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பல் தேய்க்கவும் வேண்டாம் என்றால் வேண்டாமா என்று கேட்டு என்னை மடக்கினாள். அது வேறு பேச்சு என்றேன். புதிதாகச் சட்டம் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. ஆனாலும் எனக்கென்று நானே யோசித்து வைத்துக்கொண்ட முதல் ஒழுக்கம் அதுதான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெயில் காலம். மத்தியானம் அம்மா வந்தாள். லிப்ட் வேலை செய்யவில்லை, படியேறி வந்து சோபாவில் சாய்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. பாட்டிலை எடுத்தேன், காலி. ஆட்டோவில் யாரோ ஒரு குழந்தை வாந்தி எடுத்ததாம். வாய் கொப்பளிக்கவும் குடிக்கவும் முழுப் பாட்டிலையும் கொடுத்துவிட்டாள். அம்மா அப்படித்தான், யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாள்.

நான் உள்ளே ஓடிச் சீரகத் தண்ணீரை டம்ளரில் ஊற்றினேன். அம்மா வைக்கும் அதே பக்குவம், சீரகத்தைக் கொஞ்சம் வறுத்துவிட்டுக் கொதிக்கவிடுவது. டம்ளரைப் பார்த்ததும் அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு மூளை வேகமாக வேலை செய்தது. என் பெண் கயிறு கட்டியவளே இல்லை, அதனால் அறுத்தவளும் இல்லை. டம்ளரை அவள் கையில் கொடுத்து, நீ கொடு என்றேன். அவள் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டு, யார் ஊற்றியது என்று கேட்டாள். குழந்தை என்னைப் பார்த்துவிட்டு, அம்மாதான் ஊற்றினாள் என்றாள். அம்மா டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். டம்ளரை எடுத்து அம்மாவின் கைக்குள் வைத்து அமுக்கினேன். "குடிம்மா. செத்துகித்துப் போயிடப் போற. சாமி ஒண்ணும் கண்ணைக் குத்தாது" என்று கத்தினேன். தண்ணீர் சிந்தி அவள் புடவை நனைந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. என் கையைத் தள்ளவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"அம்மா, பாட்டிதான் வேண்டாம்னு சொல்றாங்கள்ல" என்றாள் என் பெண்.

என் கை தானாக இறங்கியது. அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தனை படியும் இறங்கி, கேட்டில் வாட்ச்மேனிடம் தண்ணீர் கேட்டாள். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். "இன்னாம்மா, வூட்ல தண்ணி இல்லியா, லாரி இன்னும் வர்லியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கேனிலிருந்து பிடித்துக் கொடுத்தார். அம்மா மடக் மடக்கென்று குடித்தாள். எவ்வளவு தாகம் அவளுக்கு! குடித்துவிட்டு மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெற்றி கிற்றி ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்தாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பித்தும் இருந்தது, கல்லும் இருந்தது.

அதன் பிறகு அம்மா வருவது குறைந்தது. நான் சேலையூர் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அண்ணன் வீடு அது, அண்ணனும் அண்ணியும் சபையில்தான். எனக்கு அவர்கள் காபி கொடுப்பார்கள், நான் குடிப்பேன். வாங்கத் தடை இல்லை, கொடுக்கத்தான் தடை. ஒரு பக்கம் மட்டுமே திறக்கிற கதவு. பழம் வாங்கிப்போனால் அண்ணி மரியாதையாக வாங்கி ஓரமாக வைப்பார். அது வேலைக்காரியின் பைக்குள் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் வாங்கிப்போனேன். கொஞ்சம் நல்ல பழமாகவே பார்த்து வாங்கினேன்.

போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகும் அம்மாவுக்கு நினைவு நிலைகொள்ளவில்லை. வயதானவர்களுக்குச் சில நாள் இப்படி இருக்கும் என்றார் டாக்டர். இறந்துபோன அப்பா இன்னும் இருப்பதாக நினைத்துப் பேசுவாள், சபைக்கு அரிசி ஊறப்போட்டாச்சா என்று கேட்பாள். ஆளுக்கு ஆள் முறைவைத்துக் கூட இருந்தோம்.

ஒருநாள் காலையில் அண்ணி குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், தண்ணி கேட்டால் நர்ஸிடம் சொல்லு என்றார். பாவம், அவருக்கும் சொல்லக் கூசியது. சரி என்றேன். என் பைக்குள் பிளாஸ்க் நிறையச் சீரகத் தண்ணீர் இருந்தது. விடியற்காலையில் எழுந்து வறுத்துக் கொதிக்கவைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆசை, வேறென்ன.

அம்மா கண் திறந்து, தண்ணி என்றாள். நர்ஸ் கண்ணில் படவில்லை. பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றி, ஸ்பூனில் எடுத்துக்கொண்டு குனிந்தேன். அம்மாவுக்கு என் முகம் பிடிபடவில்லை. கையை நீட்டி என் மணிக்கட்டைத் தடவினாள். கயிறு இருக்கிறதா என்று பார்த்தாள். புத்தி கலங்கிக் கிடந்தபோதும் அது மட்டும் கலங்கவில்லை. என் கையில் என் பெண்ணின் ஹேர்பேண்ட் கிடந்தது. காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது மாட்டிக்கொண்டது, எடுக்க மறந்துவிட்டேன். அம்மாவின் விரல் அதை உருட்டிப் பார்த்தது. அவள் முகம் அப்படியே தெளிந்தது. தலையணையில் தலையைச் சாய்த்து, குழந்தைபோல வாயைத் திறந்தாள்.

ஸ்பூன் அவள் உதட்டுக்குக் கிட்டே இருந்தது. சுற்றிலும் யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கும் தெரியப்போவதில்லை. அவள் நாக்கு வறண்டு வெள்ளையாக இருந்தது. எத்தனை வருஷமாக நான் ஏங்கியது அந்தத் திறந்த வாய்க்கு! கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவரே பார்த்து ஏற்பாடு செய்தமாதிரி இருந்தது. சாய்த்தால் போதும்.

அம்மா, பாட்டிதான் வேண்டாம்னு சொல்றாங்கள்ல. அந்தக் குரல் காதில் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவில்லை.

ஸ்பூனை மூடிக்குள் போட்டேன். "ம்மா, நான்தாம்மா. உன் பொண்ணு. இது கயிறு இல்ல, பாப்பாவோட ஹேர்பேண்ட்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கேயோ தூரத்திலிருந்து வந்து சேர்கிறமாதிரி மெதுவாகப் பார்த்தாள். "நீயா? எப்ப வந்த? சாப்டியா?" என்றாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு அவருடைய மருமகள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள், சின்னப் பெண். உன் பாட்டிலிலிருந்து என் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிறாயா என்று கேட்டேன். என் பிளாஸ்க் மூடி தளும்பத் தளும்ப எதிரிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா இதுக்குப் போய் கேட்டுகினு" என்று எழுந்து வந்தாள். அம்மாவின் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அம்மா குடித்தாள். குடித்து முடித்து அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

"உன்னைப் பெத்தவ குடுத்து வச்சவ" என்றாள்.

நான் அதே கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தேன். என் மணிக்கட்டு அவள் இடது கைக்குள் இருந்தது.

அண்ணி வந்த பிறகு வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்றேன். பஸ் வரும்வரை அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். கொட்ட மனசு வரவில்லை.

அம்மா அதன் பிறகு வீட்டுக்கு வந்தாள், நினைவும் தெளிந்தது, ஆனால் நடக்கவே இல்லை. மழைக்காலம் தொடங்கும்போது ஒரு காலை நேரத்தில் போய்விட்டாள். நான் சேலையூர் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சபை முழுக்க வந்திருந்தது. அந்தத் தோழியும் இரும்புலியூரிலிருந்து வந்து வாசலோடு நின்றுகொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. நான் பின்னால் ஒதுங்கினேன். அப்போது சபைத் தலைவர், உயிரோடு கட்டுப்பாடும் போயிற்று, இனி யார் கையும் தடையில்லை, மகள் முதலில் போடட்டும் என்றார். பெரிய மனசு! அண்ணன் என்னைக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், எனக்காகச் சந்தோஷப்படவும் செய்தான், அது தெரிந்தது. என் உள்ளங்கையில் அரிசியை அள்ளி வைத்தான். குனிந்தேன். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் திறந்தமாதிரியே இருந்தது.

என்னால் முடியவில்லை. உயிரோடு இருந்தவரை அந்த வாய் ஒரே ஒரு பேச்சுத்தான் என்னிடம் மாறாமல் சொன்னது. அது மூட முடியாமல் கிடக்கும்போது நான் எதைக் கொண்டுபோய் அதற்குள் போடுவது? யாரோ பின்னால், இன்னும் ரோஷம் போகல பாரு என்றார்கள். அண்ணன் என் தோளை அழுத்தினான்.

"இப்பவாவது போடும்மா" என்றான்.

"அவ வேண்டாம்னு சொல்லியிருக்காண்ணா."

அரிசியைத் தட்டிலேயே போட்டுவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லோரும் போட்டார்கள், அக்கம்பக்கத்தார்கூடப் போட்டார்கள். எடுக்கும்போது தெருமுனை வரை கூடவே போனேன். வண்டி கேம்ப் ரோட்டில் திரும்பி மறைந்தது. எல்லோரும் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். நான் அங்கேயே நின்றேன். என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று, காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

"ஒரு வாய் குடிச்சிருக்கலாம்மா நீ. என் கையால ஒரே ஒரு வாய்."